கையகலப் பக்கத்தின் கதை

2000-ஆம் ஆண்டின் இலையுதிர்காலத்தில் லண்டனில் இருபது பேரிடம் ஆளுக்கொரு கைபேசியைக் கொடுத்து, ஒரு வாரம் இதில் இணையத்தைப் பயன்படுத்திப் பாருங்கள் என்று கேட்டுக்கொண்டது யாகோப் நீல்சனின் ஆய்வுக் குழு. செய்தித் தலைப்புகளைப் படிக்க வேண்டும், வானிலையைத் தெரிந்துகொள்ள வேண்டும், அன்றிரவு தொலைக்காட்சியில் என்ன நிகழ்ச்சி என்று பார்க்க வேண்டும். இவ்வளவுதான் அவர்களுக்கு இடப்பட்ட வேலை. நிகழ்ச்சிநிரலைக் கண்டுபிடிக்கவே அவர்களுக்கு இரண்டரை நிமிடங்களுக்கு மேல் ஆயிற்று. இணைப்புக்கோ நிமிடக் கணக்கில் கட்டணம். அந்த இருபது பேரில் ஒரு பெண்மணி கணக்குப் போட்டுப் பார்த்தார். ஒரு நாளிதழை வாங்கி, தொலைக்காட்சிப் பக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைக் குப்பையில் எறிந்தாலும் இதைவிடச் செலவு குறைவு என்று தெரிந்தது. வாரக் கடைசியில் எழுபது சதவீதத்தினர், இன்னும் ஓராண்டுக்கு இந்தப் பக்கமே வரப்போவதில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

இன்று பேருந்திலும் படுக்கையிலும் கைபேசியில் நாவல் படிக்கிற நமக்கு இது ஏதோ பழங்காலத்து நகைச்சுவைபோலத் தோன்றலாம். ஆனால் அந்தப் பெண்மணியின் கணக்குக்கும் இன்றைய நம் வாசிப்புக்கும் இடையில் நடந்தது தொழில்நுட்ப வளர்ச்சி மட்டுமல்ல. பக்கம் என்றால் என்ன, அதன் அகலத்தைத் தீர்மானிப்பவர் யார் என்ற ஒரு பழைய வழக்கும் அங்கே நடந்தது. எழுத்தோடு உறவுள்ளவர்கள் அறிந்திருக்க வேண்டிய வழக்கு அது என்பது என் எண்ணம்.

லண்டன் மக்களை வெறுப்பேற்றிய அந்த ஏற்பாட்டின் பெயர் வாப். நோக்கியா, எரிக்சன், மோட்டரோலா ஆகிய மூன்று கைபேசி நிறுவனங்களும் அன்வயர்ட் பிளானட் என்ற அமெரிக்க நிறுவனமும் 1997-இல் கூடி அமைத்த மன்றம் அதை உருவாக்கியது. அவர்களுடைய வாதத்தில் நியாயம் இல்லாமலில்லை. கைபேசித் திரை சிறியது, நினைவகம் சிறியது, இணைப்போ நொடிக்கு 9.6 கிலோபிட் வேகத்தில் ஊர்வது. கணினிக்கென்று எழுதப்பட்ட பக்கம் இதற்குள் நுழையாது, ஆகவே கைபேசிக்கென்று தனி மொழி வேண்டும் என்றார்கள். அப்படிப் பிறந்தது டபிள்யூஎம்எல். அதில் பக்கம் என்பதே கிடையாது. 'சீட்டு' உண்டு, பல சீட்டுகள் சேர்ந்த 'கட்டு' உண்டு. ஒரு கட்டு மொத்தம் ஏறக்குறைய 1400 பைட்டுகளுக்குள் அடங்கினால்தான் எல்லாக் கருவிகளிலும் தடையின்றி இறங்கும் என்பது அக்கால வடிவமைப்பாளர்களின் பாலபாடம். தமிழை யூனிகோடின் பரவலான குறியாக்கத்தில் எழுதினால் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட்டு வேண்டும். அப்படியானால் ஒரு கட்டுக்குள் இந்தப் பத்தி முழுவதும்கூடக் கொள்ளாது.

1999-இன் பிற்பகுதியில் சந்தைக்கு வந்த நோக்கியா 7110-இன் திரை 96 புள்ளி அகலமும் 65 புள்ளி உயரமும் கொண்டது. அதைக் கையில் கொடுத்துவிட்டு, இணையமே இனி உங்கள் சட்டைப்பையில் என்று விளம்பரம் செய்தார்கள். வாங்கியவர்கள் இணையத்தைத் தேடினார்கள்; கிடைத்தது சீட்டுக்கட்டு. இருக்கிற இணையத்தைப் படிக்க வழி செய்யாமல், இல்லாத இன்னொரு இணையத்தை எழுதச் சொன்னதுதான் வாபின் அடிப்படைப் பிழை.

இதே காலத்தில், இதே வேகத்தில், இதேபோன்ற சிறிய திரையை வைத்துக்கொண்டு ஜப்பான் வேறொன்றைச் செய்தது. என்டிடி டொகோமோ நிறுவனம் 1999 பிப்ரவரி 22 அன்று தொடங்கிய ஐ-மோட் சேவையைப் பற்றிப் பேசும்போது பொறியாளர்களின் பெயரையே சொல்வது வழக்கம். எனக்கு அதில் முக்கியமானவராகத் தோன்றுபவர் மாட்சுனாகா மாரி. அவர் பொறியாளரல்ல, பத்திரிகையாசிரியர். ரெக்ரூட் நிறுவனத்தின் வேலைவாய்ப்பு இதழ்களில் ஆசிரியராக இருந்தவரை, கெய்ச்சி எனோகி இந்தத் திட்டத்துக்கு அழைத்துவந்தார். கைபேசியில் மக்கள் எதைப் படிக்க விரும்புவார்கள் என்ற கேள்வியை முன்னால் வைத்ததும், சேவைக்கு ஐ-மோட் என்று பெயரிட்டதும் அவர்தான். தொழில்நுட்பத்தின் பெயரை விளம்பரங்களில் உச்சரிக்கவே இல்லை. இணையம் என்ற சொல்லையும் கூடியமட்டும் தவிர்த்தார்கள். இல்லாததைத் தருவதாகச் சொல்லவில்லை, ஆகவே ஏமாற்றமும் இல்லை.

இரண்டாவது காரணம் மொழி. ஐ-மோட் தனி மொழியைக் கேட்கவில்லை. ஆக்செஸ் என்ற ஜப்பானிய நிறுவனம் 1998 பிப்ரவரியில் உலகளாவிய வலைக் கூட்டமைப்பிடம் ஒரு குறிப்பைச் சமர்ப்பித்திருந்தது. எல்லோரும் எழுதுகிற எச்டிஎம்எல்லிலிருந்து அட்டவணை, சட்டகம், நடைதாள் முதலியவற்றைக் கழித்துவிட்டு மீதியை வைத்துக்கொள்வது என்பதே அதன் சாரம். முன்னே, பின்னே, தேர்ந்தெடு, திரும்பு என்ற நான்கு பொத்தான்களால் எல்லாவற்றையும் இயக்க முடிய வேண்டும் என்று அக்குறிப்பு சொல்கிறது. கட்டைவிரலை மனத்தில் வைத்து எழுதப்பட்ட முதல் வடிவமைப்பு ஆவணங்களில் ஒன்று என்று அதைச் சொல்லலாம். இதனால் என்ன ஆயிற்றென்றால், கணினிக்கு இணையப்பக்கம் எழுதத் தெரிந்த எந்தக் கல்லூரி மாணவனும் ஒரு மாலைப்பொழுதில் கைபேசிக்கும் பக்கம் எழுதிவிட முடிந்தது. டொகோமோவின் அதிகாரபூர்வப் பட்டியலில் இருந்த தளங்களுக்கு வெளியே யாரையும் கேட்காமல் முளைத்த தளங்கள் அதைவிடப் பன்மடங்கு பெருகின.

மூன்றாவது காரணம் காசு. இணைப்பு நிமிடத்துக்கல்ல, வந்திறங்கிய எழுத்துக்கே கட்டணம்: 128 பைட்டு கொண்ட ஒரு பொட்டலத்துக்கு 0.3 யென். மெதுவாகப் படிப்பவனுக்குத் தண்டனை இல்லை. வாசகனின் நிதானத்துக்கு விலை வைக்கும் எந்த ஏற்பாட்டிலும் வாசிப்பு வளராது. லண்டனில் நடந்தது அதுதான். 2000 ஆகஸ்டில் ஐ-மோடுக்கு ஒரு கோடி சந்தாதாரர்கள் சேர்ந்திருந்தார்கள்.

இடையில் ஒன்று. அந்தச் சேவைக்காக ஷிகெடாகா குரிட்டா என்ற இளைஞர் 12-க்கு 12 புள்ளிக் கட்டத்துக்குள் 176 சிறு சித்திரங்களை வரைந்தார். மழைக்கு ஒரு குடை, அன்புக்கு ஒரு இதயம். இடமில்லாத திரையில் ஒரு சொல்லின் இடத்தை மிச்சப்படுத்தும் உபாயம் அது. இன்று உலகமே அனுப்பிக்கொண்டிருக்கும் இமோஜிகளின் முன்னோடிகளான அவற்றை நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் 2016-இல் தன் சேகரிப்பில் சேர்த்துக்கொண்டது.

நம் கவனத்துக்குரிய பெரிய விளைவு வேறு. 2000-இல் யோஷி என்ற புனைபெயரில் ஒருவர் தன் கைபேசித் தளத்தில் 'டீப் லவ்' என்ற கதையைத் தொடராக எழுதத் தொடங்கினார். அது அச்சிலும் பெருவெற்றி பெற்றது. பின்னர் 'மஹோ நோ ஐ-ராண்டோ' என்ற தளத்தில் பெயர் தெரியாத இளம்பெண்கள் நூற்றுக்கணக்கில் எழுதினார்கள். பலர் கைபேசியிலேயே, கட்டைவிரலாலேயே எழுதினார்கள். மிகா என்பவரின் 'கொய்சோரா' 2006-இல் புத்தகமாகி, 2007-இல் திரைப்படமும் ஆயிற்று. 2007-இல் ஜப்பானில் அதிகம் விற்ற பத்து நாவல்களில் ஐந்து கைபேசியில் பிறந்தவை. இந்த வெள்ளத்துக்கு ஓர் எளிய பொருளாதாரக் காரணமும் உண்டு. டொகோமோ 2004-இல் மாதம் ஒரே தொகைக்கு எவ்வளவு வேண்டுமானாலும் படிக்கலாம், எழுதலாம் என்ற திட்டத்தைக் கொண்டுவந்தது.

இந்நாவல்களின் வடிவம் கூர்ந்து நோக்கத்தக்கது. சிறு வாக்கியங்கள், பெரும்பாலும் உரையாடல், வர்ணனை அநேகமாக இல்லை. ஒரு வரி, பிறகு வெற்றிடம், பிறகு ஒரு வரி. திரையில் பத்து வரிகூடக் கொள்ளாதபோது, அடுத்த வரி கீழே மறைந்திருப்பதே ஒரு உத்தியாகிவிடுகிறது. அச்சுக்குப் போனபோது பதிப்பகத்தார் செய்ததுதான் ஆச்சரியம். ஜப்பானிய நாவல்கள் மேலிருந்து கீழாக அச்சிடப்படுபவை. இவற்றை மட்டும் கைபேசியில் இருந்தபடியே இடமிருந்து வலமாக, வெற்றிடங்களோடு அச்சிட்டார்கள். திரை காகிதத்தைப் போலிசெய்த காலம்போய், காகிதம் திரையைப் போலிசெய்தது. 'புங்காகுகாய்' என்ற பழம்பெரும் இலக்கிய இதழ், கைபேசி நாவல்கள் எழுத்தாளரைக் கொன்றுவிடுமா என்று 2008 ஜனவரி இதழின் அட்டையிலேயே கேட்டது. கொல்லவில்லை. அந்த நாவல்களில் பெரும்பாலானவை நிற்கவும் இல்லை. மொழிபெயர்ப்புப் பகுதிகளை வைத்து நான் அறிந்தவரை, அவை நம் பழைய மாத நாவல்களின் தரத்தைத் தாண்டுபவையல்ல. ஆனால் வாரப் பத்திரிகை தொடர்கதையின் இலக்கணத்தை உருவாக்கியதுபோல, ஒரு திரையின் அகலம் ஓர் உரைநடையின் இலக்கணத்தை உருவாக்க முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேறில்லை. ஐ-மோடுக்கும் முடிவுகாலம் வந்தது. 2026 மார்ச் 31-உடன் சேவையை நிறுத்துவதாக டொகோமோ 2019-இல் அறிவித்தது.

2007 ஜனவரி 9 அன்று சான் ஃபிரான்சிஸ்கோ மேடையில் ஸ்டீவ் ஜாப்ஸ் ஐபோனை அறிமுகப்படுத்தியபோது அதில் திறந்து காட்டிய தளம் நியூயார்க் டைம்ஸ். கைபேசிக்கென்று சுருக்கிய பதிப்பல்ல, முழுப்பக்கம். எழுத்தெல்லாம் கடுகளவு. விரலால் இருமுறை தட்டினால் அந்தப் பத்தி மட்டும் பெரிதாயிற்று. அரங்கம் ஆர்ப்பரித்தது. இதன் பின்னணியில் இருந்தது ஒரு பொய். ஐபோனின் திரை 320 புள்ளி அகலமே. ஆனால் அதன் உலாவி தான் 980 புள்ளி அகலம் என்று பக்கத்திடம் சொல்லிக்கொண்டது. பக்கமும் நம்பித் தன்னை அந்த அகலத்துக்கு விரித்துக்கொண்டது. பிறகு மொத்தத்தையும் சுருக்கித் திரைக்குள் அடக்கினார்கள். உன் உண்மையான அகலத்தையே சொல் என்று கேட்கப் பக்கத்தின் தலைப்பகுதியில் ஒரு வரி எழுத வேண்டும். 'வியூபோர்ட்' எனப்படும் அந்த ஒரு வரி இன்றும் ஒவ்வொரு பக்கத்திலும் எழுதப்படுகிறது.

அந்தப் பொய் ஏன் தேவைப்பட்டது? தொண்ணூறுகளில் நடந்தது இதற்குக் காரணம். டிம் பெர்னர்ஸ்-லீ எழுதிய முதல் இணையப்பக்கத்துக்கு அகலமே கிடையாது. சாளரத்தைக் குறுக்கினால் வரிகள் மடியும், விரித்தால் விரியும். அகலத்தைக் கட்டிப்போட்டவர்கள் பின்னால் வந்த வடிவமைப்பாளர்கள். அச்சுலகத்திலிருந்து வந்த அவர்களுக்கு, பக்கம் என்றால் அங்குலக் கணக்கில் அளந்த ஒரு பொருள். அட்டவணைகளுக்குள் பத்திகளை அடைத்து, ஒரு புள்ளி அளவுள்ள கண்ணுக்குத் தெரியாத படத்தை இழுத்து நீட்டி இடைவெளி உண்டாக்கினார்கள். டேவிட் சீகலின் 1996 நூல் இந்த வித்தைகளின் வேதநூலாக இருந்தது. அழகான பக்கங்கள் பிறந்தன, மறுக்கவில்லை. ஆனால் எல்லாம் கண்ணாடிப் பேழைக்குள் வைத்த பக்கங்கள். நகைமுரணைப் பாருங்கள்: இயல்பாகவே மடியக்கூடிய அந்த முதல் பக்கத்தைக் கைபேசியில் திறந்தால், வியூபோர்ட் வரி அதில் இல்லாததால், அதையும் பேழைக்குள் இருந்த பக்கமாகவே எண்ணிச் சுருக்கிவிடும் உலாவிகள் உண்டு.

இதை முன்கூட்டியே கண்டவர்களும் இருந்தார்கள். 1994 அக்டோபரில், செர்ன் ஆய்வகத்தில் பணியாற்றிய நார்வேக்காரர் ஹோகன் வியும் லீ இணையப்பக்கங்களின் தோற்றத்தை வரையறுக்க ஒரு முன்மொழிவு எழுதினார். சிஎஸ்எஸ் அதிலிருந்துதான் வந்தது. திரையின் உயரம் இவ்வளவுக்கு மேல் இருந்தால் இந்த நடை, இல்லையென்றால் வேறு நடை என்று நிபந்தனை விதிக்கும் வழியை அந்த முதல் வரைவிலேயே அவர் குறித்திருந்தார். அந்த எண்ணம் 'மீடியா கொரி' என்ற பெயரில் முழுத் தரநிலையாக ஏற்கப்பட்டது 2012 ஜூனில்.

ஜான் ஆல்சாப் என்ற ஆஸ்திரேலியர் 2000 ஏப்ரலில் 'எ லிஸ்ட் அபார்ட்' இதழில் எழுதிய கட்டுரை இந்த வரலாற்றின் மிக அழகான ஆவணம். வலைவடிவமைப்பைப் பற்றிய கட்டுரைதான், ஆனால் அவர் துணைக்கு அழைத்தது தாவோ தே ஜிங்கை. அச்சுத் தாளில் வடிவமைப்பாளருக்கு இருக்கும் கட்டுப்பாடு உண்மையில் தாளின் குறைபாடு. தாள் நெகிழாது என்பதால் அந்தக் கட்டுப்பாடு கிடைக்கிறது. நெகிழும் ஊடகத்தில் அதைத் தேடிப் புலம்புவதை விட்டுவிட்டு நீரைப்போல் இருக்கப் பழகுங்கள் என்பது அவருடைய வாதம். நண்பர்கள் பாராட்டினார்கள், பிறகு எல்லோரும் தத்தம் கட்டங்களுக்குத் திரும்பிவிட்டார்கள். பத்தாண்டு கழித்து, 2010 மே 25 அன்று, ஈதன் மார்கோட் அதே இதழில் ஆல்சாப்பை மேற்கோள் காட்டியே தன் கட்டுரையைத் தொடங்கினார். மனிதர் நடமாட்டத்துக்கேற்ப மாறும் கட்டடங்களைப் பற்றிய பேச்சிலிருந்து ஒரு சொல்லை எடுத்து, 'ரெஸ்பான்ஸிவ்' வடிவமைப்பு என்று இதற்குப் பெயரிட்டார். அவர் சொன்ன மூன்று பொருள்களும் ஏற்கெனவே கையில் இருந்தவைதாம். புள்ளிக் கணக்கை விட்டு விகிதத்தில் அமைத்த பத்திகள், தாம் இருக்கும் பெட்டியை மீறாத படங்கள், அகலத்தைக் கேட்டுத் தோற்றத்தை மாற்றும் நிபந்தனைகள். எடுத்துக்காட்டுக்கு அவர் செய்துகாட்டிய பக்கத்தில் ஷெர்லாக் ஹோம்ஸ் கதைமாந்தர்கள் வரிசையாக நின்றார்கள். சாளரம் குறுகக் குறுக இடம்மாறி நின்றார்கள்.

அந்தச் சமயத்தில் பெரிய தளங்கள் கைபேசிக்கென்று தனித்தளம் வைத்திருந்தன. கட்டுரையில் பாதி இருக்காது, பழைய இதழ்கள் இருக்காது, தேடினால் கிடைக்காது. கைபேசிக்காரன் அவசரக்காரன், அவனுக்கு இது போதும் என்று யாரோ முடிவு செய்திருந்தார்கள். வாபின் ஆவிதான் அது. கைபேசி தவிர வேறு கருவியே இல்லாதவர்கள் கோடிக்கணக்கில் இருந்த நாடுகளில், இந்த முடிவு அவர்களை இரண்டாந்தர வாசகர்களாக்கியது. மார்கோட் பங்கேற்று 2011 செப்டம்பரில் வெளிவந்த பாஸ்டன் குளோப் தளம், ஒரு பெரிய நாளிதழையே ஒரே தளமாக எல்லாத் திரைக்கும் தரலாம் என்று காட்டியது. லூக் ரப்லெவ்ஸ்கி இன்னும் ஒருபடி மேலே போனார். முதலில் சிறிய திரைக்கு எழுதுங்கள், அங்கே இடமில்லாதது பெரிய திரைக்கும் தேவைதானா என்று யோசியுங்கள் என்று 2009-இலிருந்து சொல்லிவந்தார். பத்திரிகையாசிரியர்கள் காலங்காலமாக எழுத்தாளர்களிடம் சொல்லிவருவதுதான் இது. 2015 ஏப்ரலில் கூகுள், கைபேசியில் படிக்க முடியாத பக்கங்களைக் கைபேசித் தேடலில் பின்னுக்குத் தள்ளத் தொடங்கியபின் விவாதத்துக்கு வேலையில்லாமல் போயிற்று.

தமிழ் வாசகன் இந்தக் கதைக்குள் நுழைந்தது வேறு வாசல் வழியாக. முதல் சில ஆண்ட்ராய்டு பதிப்புகளில் தமிழுக்கு எழுத்துருவே இல்லை. யூனிகோடில் எழுதப்பட்ட கவிதையும் கட்டுரையும் பெட்டி பெட்டியாகத் தெரிந்தன. மலிவான ஜாவாக் கைபேசிகளிலும் இதே நிலைதான். அப்போது கைகொடுத்தது ஓபரா மினி. 2006 ஜனவரியில் உலகெங்கும் வெளியான இந்த உலாவி, பக்கத்தைத் தன் வழங்கியில் முதலில் இறக்கி, சுருக்கி, பிறகே கைபேசிக்கு அனுப்பும். முகவரிப் பட்டையில் 'ஓபரா:கான்ஃபிக்' என்று எழுதினால் ஒரு ரகசிய அறை திறக்கும். அதில் சிக்கலான எழுத்துமுறைகளுக்குப் பிட்மேப் எழுத்துருவைப் பயன்படுத்து என்ற வரிக்கு 'ஆம்' என்று மாற்றிவிட்டால், தமிழ் எழுத்துகள் எங்கோ தொலைதூர வழங்கியில் படமாக வரையப்பட்டுக் கைக்கு வந்து சேரும். இந்த உபாயத்தை அன்று எத்தனை வலைப்பதிவுகள் விளக்கியிருக்கும் என்பதற்குக் கணக்கில்லை. வந்தவை எழுத்துகளல்ல, எழுத்துகளின் படங்கள். நகலெடுக்க முடியாது, தரவும் கூடுதலாகச் செலவாகும். ஆனாலும் படித்தோம். ஓபராவின் தலைமைத் தொழில்நுட்ப அதிகாரியாக அப்போது இருந்தவர், 1994-இல் முன்மொழிவு எழுதிய அதே ஹோகன் வியும் லீ.

எழுத்துரு வந்துவிட்டது. ஆனால் தமிழுக்கேற்ற பக்கம் இன்னும் வந்துவிடவில்லை. ஒட்டுகளால் நீளும் மொழி நம்முடையது. 'எழுதிக்கொண்டிருந்தவர்களுக்காகவும்' என்ற ஒரே சொல் கைபேசியில் ஒரு வரியை விழுங்கிவிடும். ஒரு வரியில் மூன்று நான்கு சொற்களே கொள்ளும் இடத்தில், அச்சு நினைவில் இருபுறமும் சீராக இருக்கட்டும் என்று அமைத்தால், சொற்களுக்கிடையே பள்ளத்தாக்குகள் விழுகின்றன. ஆங்கிலம் இதைச் சிறுகோட்டால் சமாளிக்கிறது. நம் அச்சகத்தாருக்கோ சிறுகோடு தேவைப்பட்டதே இல்லை. நாளிதழ்களின் குறுகிய பத்திகளில், எந்த எழுத்தோடு வரி நிறைகிறதோ அங்கேயே சொல்லை முறித்து, மீதியைக் கீழே எந்த அடையாளமுமின்றித் தொடர்ந்தார்கள். கண் பழகிக்கொண்டது. கூட்டெழுத்தைச் சிதைக்காமல் இப்படி முறிக்க இன்றைய உலாவிகளிடம் கட்டளை உண்டு. பயன்படுத்தும் தமிழ்த் தளங்களைத்தான் அதிகம் காணோம். மேலே ஈகாரக் கொக்கியும் கீழே உகர வாலும் உள்ள எழுத்துக்கு வரியிடைவெளி சற்றுக் கூடுதலாக வேண்டும் என்பதும் அப்படியே. ஆங்கிலத்துக்கு அளந்த சட்டையை அப்படியே போட்டுக்கொண்டிருக்கிறோம்.

கவிதையின் பாடு தனி. ஓலைச்சுவடியில் செய்யுளை அடிபிரித்து எழுதும் வழக்கமில்லை. ஓலையின் அகலம் முடிந்தால் அடுத்த வரி. அடி எங்கே முடிகிறதென்று எதுகையும் சீரும் காதுக்குச் சொல்லின. அச்சு வந்தபின்தான் அடி கண்ணுக்குரியதாயிற்று. புதுக்கவிதை வந்தபின் கண்ணுக்கு மட்டுமே உரியதாயிற்று. அந்த வரியைக் கைபேசித் திரை தன் விருப்பத்துக்கு மடிக்கும்போது, மடித்தவர் கவிஞரா கருவியா என்று காட்டிக்கொடுக்க எதுகையும் இல்லை. விட்மனின் நீண்ட வரிகளை அச்சிட்டவர்கள், மடிந்த பகுதியைச் சற்று உள்தள்ளி வைத்து இதைத் தீர்த்தார்கள். இணையப்பக்கத்திலும் இரண்டு வரிக் கட்டளையில் இதைச் செய்துவிடலாம்.

எங்களுக்கு நெருக்கமான ஒரு கவிஞரின் கவிதையைக் கைபேசியில் படித்த வாசகர் ஒருவர், ஒற்றைச் சொல்லாகத் துண்டித்து நிறுத்திய வரிகளின் மௌனம் தன்னை உலுக்கிவிட்டதாக அவருக்குக் கடிதம் எழுதியிருந்தார். கவிஞர் தன் கையெழுத்துப் பிரதியை எடுத்துப் பார்த்தார். அதில் ஒற்றைச் சொல் வரி ஒன்றுகூட இல்லை. அடுத்த தொகுப்பில் அந்தக் கவிதையைத் திரை உடைத்தபடியே அச்சுக்குக் கொடுத்திருக்கிறார்.